ஓர் ஆளுநரும் அந்த ஆளுநரும்

ஏறக்குறைய ஒரு வருடம் எங்கள் வீட்டில் ஓர் ஆளுநர் குடியிருந்தார். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தை ஆண்டவர், பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர். நிலத்தை உழுகிற கமக்காரர் பிள்ளைகளும் கூலிக்காரர் பிள்ளைகளும் படிக்கலாம் என்று அந்த மாநிலத்தில் முதன்முதலாக ஓர் அரசுக் கல்லூரி எழுந்தது அவருடைய காலத்தில்தான். அவரைப் பற்றித்தான் என் பட்டப்படிப்பின் கடைசி ஆய்வுக்கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தேன். என் கணவர் பஸ் ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே விசாரிப்பார்.

“என்ன, உம்மட கவர்னர் இண்டைக்கு என்ன செய்தவர்?”

“இண்டைக்குச் செங்கல் பாத்து வாங்கினவர்.”

“நல்ல மனிசன். எங்கட குசினிக் குழாய் ஒழுகுது, ஒருக்கா வந்து பாக்கச் சொல்லும்.”

எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. லண்டனில், ஈஸ்ட் ஹாமில் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை. மத்தியானம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு முடித்து, இரண்டரைக்கு ஏப்ரனைக் கழற்றிவிட்டு நூலகத்தில் போய் உட்காருவேன். ஆறு மணிக்கு வகுப்பு. பகலில் வேலை செய்கிறவர்களுக்காக மாலையில் பாடம் நடத்துகிற பல்கலைக்கழகம் அது. வாரத்தில் இரண்டு நாள், ஆறு வருடம்.

இருபது வயதில் யாழ்ப்பாணத்தில் எனக்குக் கம்பஸ் கிடைத்தது. அனுமதிக் கடிதம் வந்தது, அம்மா அதைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தார், அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. சண்டை வந்தது, ஓடினோம், கடைசியில் நான் இங்கே வந்து சேர்ந்தேன். இதை நான் யாரிடமும் ஒப்பாரி வைத்துச் சொல்வதில்லை. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இதே கதைதான். ஆனால் யாராவது தங்கள் பிள்ளையின் பட்டமளிப்புப் படத்தைப் போனில் எடுத்து நீட்டினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வாய் வாழ்த்தும், வயிறு எரியும். என் குணம் அப்படி, மறைப்பதற்கில்லை.

ஆகவே இந்தக் கட்டுரை எனக்குச் சின்ன விஷயம் இல்லை. தவணை நீட்டிக் கேட்கும் உரிமை ஒரு முறைதான். கணவருக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்த வருடம் நான் அதைப் பாவித்து முடித்துவிட்டேன். இனிக் குறித்த நாளில் கொடுக்க வேண்டும், கொடுத்துப் பாஸாக வேண்டும். இல்லாவிட்டால் ஆறு வருடமும் பட்டமில்லாமல் முடிந்துவிடும்.

என் விரிவுரையாளர் என்னைவிடப் பதினைந்து வயது இளைய வெள்ளைக்காரப் பெண். என்னால் ஊர் ஊராகப் போய்ப் பழைய காகிதங்களைப் புரட்ட முடியாது என்பதைப் புரிந்துகொண்டு, இணையத்தில் இலவசமாகப் பார்க்கக்கூடிய ஒன்றைத் தேடித் தந்தார். அந்த அமெரிக்கக் கல்லூரியின் பழைய கூட்டக் குறிப்பேடு. பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். ‘பொது உயர்கல்வியை உருவாக்கியதில் ஆளுநரின் பங்கு’ என்று தலைப்பும் முடிவாயிற்று. வீட்டிலிருந்தே நூற்றைம்பது வருடம் பின்னால் போய்வரலாம் என்று எனக்கு ஒரே புளுகம், கால் நிலத்தில் படவில்லை.

அந்தக் குறிப்பேட்டை எழுதிய எழுத்தருடைய கையெழுத்து, எறும்பு மைக்குள் விழுந்து எழும்பி நடந்த மாதிரி இருந்தது. போதாததற்கு அந்த மனிதருக்குப் பெரிய எழுத்தின் மேல் ஒரு பைத்தியம். மாடு, கதவு, கிணறு எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்துப் போட்டிருந்தார். நான் ஒவ்வொரு பக்கமாக வாசித்து, குறிப்புகளைக் கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டேன். ஆங்கிலத்தில் வாசிப்பேன், ஆங்கிலத்தில் கட்டுரையும் எழுதுவேன். ஆனால் நடுவில் ஒரு விஷயம் என் தலைக்குள் இறங்க வேண்டும் என்றால் அது தமிழில்தான் இறங்கும். முதல் வருடத்திலிருந்து எனக்கு அதுதான் வழக்கம். அதனால் ஒரு தடவையும் கெட்டுப்போனதில்லை.

மூன்று கொப்பி நிரம்பியபோது எனக்கு அந்த ஆளுநர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. என்ன மனிதர்! மாநிலத்தை ஆளுகிற வேலையையும் வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் தவறாமல் வந்திருக்கிறார். கட்டடத்துக்குச் செங்கல் பார்த்திருக்கிறார். கிணறு எத்தனை அடி என்று சண்டை பிடித்திருக்கிறார். மழைக்குள் குதிரையில் போய், பண்ணை பண்ணையாக இறங்கி, உங்கள் பிள்ளையை அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார். சில இடங்களில் எழுத்தர் அவரை ‘மேதகு’ என்று குறிப்பிட்டிருந்தார், பல இடங்களில் வெறும் ஆளுநர்தான். சில நாள் மரியாதை, சில நாள் சோம்பல், எழுத்தர்மார் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரித்தான் என்று நினைத்துக்கொண்டேன். எங்களைப் போன்றவர்களுக்கு இப்படியும் ஒருவர் இருந்திருக்கிறாரே என்று நூலகத்தில் இருந்து கண்கலங்கியும் இருக்கிறேன். வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

கட்டுரை கொடுக்க இன்னும் பத்தொன்பது நாள் இருந்தபோது அதை எங்கள் தெருவில் இருக்கும் ஒரு சிநேகிதியிடம் வாசிக்கக் கொடுத்தேன். மதுரைக்காரி, வங்கி ஒன்றில் தணிக்கை வேலை. பிழை பிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள். ஆங்கிலத்தைத் திருத்தித் தருவாள் என்றுதான் கொடுத்தேன். சனிக்கிழமை காலை கட்டுரையும் கையுமாக வந்து, தேத்தண்ணீர் ஊற்றும் வரைக்கும் பொறுக்காமல் தொடங்கினாள்.

“ஏன்க்கா, உங்க கவர்னர் என்ன லூசா?”

“ஏன், என்ன செய்தவர்?”

“இங்க பாருங்க. ஃபீஸ் வாங்கக் கூடாதுன்னு தீர்மானம் கொண்டு வர்றாரு. அடுத்த வரியிலயே எந்திரிச்சு அதை எதிர்த்துப் பேசுறாரு. அப்புறம் ஓட்டும் போடுறாரு, ரெண்டு பக்கமும். மூணாவது அத்தியாயத்துல இருபத்தஞ்சு மைல் தள்ளி வேற ஊர்ல செங்கல் பாக்குறாரு, அதே நாள் இங்க கிணத்தடியில நிக்கிறாரு.”

நான் சிரித்தேன். அந்தக் காலத்து அரசியல்வாதிகள் அப்படித்தான் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் சிரிக்கவில்லை. “இல்லக்கா, இதுல என்னமோ இடிக்குது” என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குக் கோபம் வந்தது. இவளுக்கு என்ன சரித்திரம் தெரியும் என்று கணவரிடம் பொரிந்து தள்ளினேன்.

திங்கட்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தில் பரிமாறிக்கொண்டு நின்றேன். வரிசையில் பிள்ளைகளுக்குப் பின்னால், ஹை ஸ்ட்ரீட்டில் கடை வைத்திருக்கும் ஒரு பஞ்சாபிக்காரர் தட்டோடு வந்தார். வருடத்தில் நான்கைந்து தரம் வந்து பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பார்த்து, பிள்ளைகளோடு இருந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். கஸ்டர்ட் இரண்டாம் தரமும் கேட்பார். அன்றும் கேட்டார். ஊற்றக் குனிந்தபோது அவர் கழுத்தில் தொங்கிய அட்டை என் முகத்துக்கு நேரே வந்தது. கவர்னர் என்று போட்டிருந்தது.

லண்டனில் பள்ளிக்கூடத்தை நடத்தும் குழுவில் இருக்கிறவர்களுக்கு அதுதான் பெயர். ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் பத்துப் பன்னிரண்டு கவர்னர்மார் இருப்பார்கள். கடைக்காரர், தாய்மார், ஓய்வுபெற்ற தபால்காரர், யாரும் இருக்கலாம். எட்டு வருடமாக அவர்களுக்கு நான்தான் கஸ்டர்ட் ஊற்றுகிறேன். ஆனால் கொப்பியில் தமிழில் ஆளுநர் என்று எழுதியதும் என் தலைக்குள் வந்து நின்றவர் ஒரே ஒருவர்தான். மாளிகையில் இருக்கிறவர், முன்னாலும் பின்னாலும் கார் போகிறவர். எங்கள் ஆட்களுக்கு ஆளுநர் என்றால் அவர்தானே, வேறு யார்?

கரண்டி என் கையில் அப்படியே நின்றது. கஸ்டர்ட் அவருடைய தட்டைத் தாண்டி மேசையில் ஊற்றுப்பட்டது. பாவம், அந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

இரண்டரைக்கு நூலகத்துக்கு ஓடினேன். முதல் பக்கத்திலேயே இருந்தது. ஆங்கிலத்தில் ஓர் இடத்தில் a போட்டு ‘ஒரு ஆளுநர்’, இன்னோர் இடத்தில் the போட்டு ‘அந்த ஆளுநர்’. ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், அல்லது மூன்று எழுத்து. தமிழில் எழுதும்போது அதெல்லாம் தேவையில்லை என்று நான் விட்டுவிட்டேன். ‘ஆளுநர் சொன்னார்’ என்றால் போதாதா? எங்களுக்குப் போதும். கல்லூரிக் குழுவில் இருந்த ஒன்பது பேரையும் எழுத்தர் ஆளுநர் என்றே எழுதியிருந்தார். மாநிலத்தை ஆண்டவரைத்தான் ‘மேதகு’ என்று எழுதியிருந்தார், அதுவும் எப்போதாவது. செங்கல் பார்த்தவர் ஒரு மரக்கடைக்காரர். கிணற்றுக்குச் சண்டை பிடித்தவர் ஒரு கமக்காரர். மழைக்குள் குதிரையில் போனவர் வேறொருவர். ஒன்பது பேரையும் உருட்டி நான் ஒரு மகாத்மாவைச் செய்து வைத்திருந்தேன்.

அன்று வகுப்புக்கு முன்னாலேயே விரிவுரையாளரிடம் போய்ச் சொன்னேன். ஆங்கிலம் எனக்கு அழும்போது சரியாக வராது. அவர் பொறுமையாகக் கேட்டார். திட்டவில்லை. “நல்ல வேளை, நீங்களே கண்டுபிடித்தீர்கள்” என்றார். தவணை நீட்ட வழி உண்டா என்று எனக்கு முன்னாலேயே அலுவலகத்துக்குப் போன் எடுத்துக் கேட்டார். இல்லை. பிறகு, தலைப்பை மாற்ற வேண்டாம், அவருடைய பங்கு உண்மையில் என்ன என்று பாருங்கள், அது சின்னதாக இருந்தால் சின்னது என்று எழுதுங்கள் என்றார். ரயிலில் வரும்போது அந்தப் பங்கு என்ற சொல்லையே நினைத்துக்கொண்டு வந்தேன். பங்கு என்றால் முழுவதும் இல்லையே. பிரித்ததில் ஒருவருக்கு வருவதுதானே பங்கு.

வீட்டில் கணவர் சொன்னார், “விடுமப்பா. அப்பிடியே குடும். ஆர் அந்த எறும்புக் கையெழுத்தை வாசிச்சுப் பாக்கப் போகினம்?”

“உங்களுக்கென்ன விசரே?” என்று கத்தினேன். “நான் பாத்திட்டனே! இனி எப்பிடி அதைக் குடுக்கிறது?”

அடுத்த நாள் அவர் டிப்போவில் போய் இரண்டு கிழமை, முழுதாகப் பதினான்கு நாள், லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்தார். “மூண்டு கொப்பி. நீர் ஒருத்தியா எல்லாத்தையும் திருப்பிப் பாக்க ஏலாது. நான் வாசிக்கிறன், நீர் திருத்தும்.”

இப்படித்தான் எங்கள் வேலை நடந்தது. அவர் திரையில் குறிப்பேட்டைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஆளுநராகத் தேடிக் கூப்பிடுவார். நான் கொப்பியில் அந்த இடத்தைப் பிடித்துச் சிவப்புப் பேனையால் எழுதுவேன். “ஒரு.” எழுதுவேன். “ஒரு. ஒரு. அந்த... பொறும், அந்தக் கமக்கார ஆள். ஒரு.” பஸ்ஸில் தரிப்பிடம் சொல்கிற மாதிரி ஒரே குரலில் சொல்லிக்கொண்டு போவார். காலை ஏழு மணிக்குத் தொடங்கி நான் வேலைக்குப் போகும் வரை, பிறகு நான் வந்ததிலிருந்து இரவுச் சாப்பாடு வரை. சமையலும் அவர்தான். நெஞ்சில் ஒப்பரேஷன் செய்த மனிதர், ஏழாம் நாள் அந்த மரக்கடைக்காரருக்குப் பரிந்துகொண்டு கமக்காரரைத் திட்டத் தொடங்கிவிட்டார். எப்போதாவது குரலை உயர்த்தி “மேதகு!” என்பார். நான் அந்த இடத்தில் ஒரு வட்டம் போடுவேன்.

மூன்று கொப்பியிலும் நான்கு வட்டம் விழுந்தது. அவ்வளவுதான் என்னுடைய ஆளுநர். கல்லூரி வேண்டும் என்று சட்டசபையில் ஒரு பேச்சு. வந்த சட்டத்தை ஒரு தரம் திருப்பி அனுப்பியது. பிறகு கையெழுத்து. திறப்பு விழா அன்று வர முடியாது என்று ஒரு கடிதம். அதற்குள் அவர் தேர்தலில் தோற்றிருந்தார். கல்லூரி வாசலை அவர் மிதித்ததாகவே தெரியவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. திருப்பி அனுப்பியது வேறு எரிச்சலைக் கிளப்பியது. செய்கிறதும் நான்கு வேலை, அதிலும் ஒன்று தடை போடுகிறதா?

“ஏன் திருப்பினவர் எண்டு இருக்கோ?” என்று கேட்டேன்.

“இருக்கு. அவர் எழுதின கடிதத்தை எழுத்தர் அப்பிடியே பிரதி பண்ணி வச்சிருக்கிறார்.” கணவர் குனிந்து வாசிக்கத் தொடங்கினார். வாசித்தபடி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். சட்டசபை எழுதிய சட்டத்தில் ஒரு வரி இருந்ததாம். இருபத்தொரு வயதுக்கு மேற்பட்டவரைச் சேர்க்கக் கூடாது என்று. அந்த வரியை வெட்டிவிட்டுக் கொண்டு வாருங்கள், அதுவரை கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஆளுநர் எழுதியிருக்கிறார். அந்த நாட்டில் உள்நாட்டுச் சண்டை நடந்து முடிந்து அதிக காலம் ஆகவில்லை. படிக்க வேண்டிய வருடங்களைச் சண்டைக்குள் தொலைத்தவர்கள் இந்த மாநிலம் முழுக்க இருக்கிறார்கள், அவர்களுடைய குற்றம் இல்லாத ஒன்றுக்காக...

அவர் நிறுத்திவிட்டார்.

“ஏன், கையெழுத்து விளங்கேல்லையோ?”

“விளங்குது,” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் ஊரில் கம்பஸ் சோதனை எழுதிவிட்டு மறுமொழி வருவதற்கு முன் ஓடி வந்தவர்தான். பாஸா இல்லையா என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. முப்பது வருடத்தில் அதைப் பற்றி என்னிடம் இரண்டு தரம் பேசியிருப்பார்.

“இன்னொருக்கா வாசியுங்கோ,” என்றேன். வாசித்தார். மூன்றாம் தரம் நானே வாங்கி வாசித்தேன். என் ஏமாற்றம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. கதிரையில் இருந்தபடி நன்றாக அழுதேன். அவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தார்.

மிச்சம் ஒன்பது நாளில் கட்டுரையைத் திரும்பவும் எழுதினேன். முக்கால்வாசியை மரக்கடைக்காரருக்கும் கமக்காரருக்கும் மற்ற ஏழு பேருக்கும் கொடுத்தேன். மாநில ஆளுநருடைய பங்கு சின்னது என்று எழுதினேன். அது என்ன என்றும் எழுதினேன். மதுரைக்காரி ஒவ்வொரு மாலையும் வேலை முடிந்து வந்து ஒவ்வோர் அத்தியாயமாகத் திருத்தினாள். நான் அவளைத் திட்டியது அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். கடைசி நாள் சொன்னேன். “தெரியும்க்கா. அண்ணன் அன்னைக்கே சொல்லிட்டாரு,” என்றாள்.

முன்பக்கத்தில் நன்றி சொல்ல ஒரு தாள் விடுவது வழக்கம். அதில் விரிவுரையாளரையும் சிநேகிதியையும் போட்டு, கடைசியில் கணவரையும் போட்டு, அவரிடம் காட்டினேன். அவருடைய முகம் மாறிவிட்டது. “எனக்கேன் நன்றி? நான் என்ன வெளி ஆளே?” என்றார். உண்மையாகவே மனம் நொந்துதான் கேட்டார். அவருடைய வரியை எடுத்துவிட்டேன்.

வெளி ஆளுக்குச் சொல்லலாம் அல்லவா? ஆகவே முடிவுரையில், வயதெல்லையை வெட்டியதைப் பற்றிய பந்தியின் கடைசி வரியாக, அந்த ஆளுநருக்கு நான் நன்றி சொல்லி ஒரு வசனம் எழுதினேன். விரிவுரையாளர் அதைப் பார்த்துவிட்டு, சரித்திரம் எழுதுகிறவர் ஆராய வேண்டும், நன்றி சொல்லக் கூடாது, புள்ளி குறையும், எடுத்துவிடுங்கள் என்று எழுதி அனுப்பினார். என் நன்மைக்குத்தான் சொன்னார். நான் எடுக்கவில்லை. குறித்த நாள் மத்தியானம் பள்ளிக்கூடச் சமையலறையின் பின்வாசலில் நின்று, போனிலிருந்தே கட்டுரையை அனுப்பினேன்.

ஆறு கிழமைக்குப் பிறகு ஐம்பத்தொன்பது புள்ளி வந்தது. பட்டம் கிடைத்துவிட்டது. அறுபது எடுத்திருந்தால் ஒரு வகுப்பு மேலே வந்திருக்கும். முடிவுரையில் அந்த ஒரு வசனத்துக்குப் பக்கத்தில், இது ஆய்வு அல்ல என்று யாரோ குறிப்புப் போட்டிருந்தார்கள். மதுரைக்காரிக்கு ஆறவில்லை. எங்கள் குசினியில் நின்றுகொண்டு தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஒரு வரிக்கா! அந்த ஒரு வரிய வெட்டியிருக்கலாம்ல?”

“வெட்டியிருக்கலாம்தான்,” என்றேன். “அந்த மனிசன் எங்களை வெட்டேல்லையே.”